எஞ்சின் நின்ற பிறகு

2025 நவம்பர் 13, பட்டப்பகல். திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில், கீரனூர் பக்கம், லாரியும் பேருந்தும் ஓடுகிற தார்ச்சாலையில் ஒரு குட்டி விமானம் வந்து இறங்கியது. சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம். பறக்கும்போது கோளாறு ஏற்படவே, விமானி சாலையைத் தேர்ந்தெடுத்தார். உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போலீஸ் வந்தது, கூட்டம் கூடியது, செல்பேசிகள் உயர்ந்தன. இரண்டு நாளில் ஊர் மறந்துவிட்டது. ஆள் செத்திருந்தால் மறந்திருக்க மாட்டோம்.

2004 ஏப்ரல் 17-ஐ இன்னும் மறக்கவில்லை. 'அருணாச்சலம்', 'படையப்பா' படங்களில் ரஜினிகாந்துக்கு ஜோடியாக நடித்த சௌந்தர்யா, மக்களவைத் தேர்தல் பிரசாரத்துக்காக பெங்களூரு ஜக்கூர் விமானத் தளத்திலிருந்து கரீம்நகருக்குக் கிளம்பினார். ஒற்றை எஞ்சின் செஸ்னா 180. விமானியோடு சேர்த்து நான்கு பேர். தரையை விட்டு எழும்பிய விமானம் உயரம் பிடிப்பதற்குள் பக்கத்து வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து தீப்பற்றியது. நான்கு பேருமே பிழைக்கவில்லை. இருபது ஆண்டு கழிந்தும் 'தனி விமானம்' என்றால் தமிழ்நாட்டில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் புகைதான்.

இந்த இரண்டு நாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய காலம் இப்போது திருநெல்வேலிக்கு வந்திருக்கிறது. நெல்லைக்கென்று விமான நிலையம் கிடையாது, நமக்கு வாகைக்குளம்தான். 1,350 மீட்டராக இருந்த அந்தத் தூத்துக்குடி ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. புதிய முனையத்தைப் பிரதமர் 2025 ஜூலை 26-ல் திறந்துவைத்தார். அந்தப் பக்கம் கோவில்பட்டி அருகே சும்மா கிடக்கும் பழைய ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்க தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ முயல்கிறது. பெரிய விமானம் வந்து போவது ஒரு விஷயம். நாள் முழுக்கத் தலைக்குமேல் மாணவர்கள் ஓட்டும் ஒற்றை எஞ்சின் விமானங்கள் சுற்றுவது வேறு விஷயம். வரட்டும், நம் பிள்ளைகள் பைலட் ஆவது நல்லதுதான். ஆனால் ஒரு நாள் ஏதோ ஒன்றில் எஞ்சின் நிற்கும். அப்போது என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வரவேற்பு வளைவு கட்டுவதில் அர்த்தமில்லை.

விழுந்தவை மட்டுமே செய்தி

எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல விழும் என்பது நம்மில் பெரும்பாலோர் நம்பிக்கை. 2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் ஏர் இந்தியா போயிங் விழுந்து 260 பேர் மாண்டபோது, இரண்டு எஞ்சின்களுக்கும் எரிபொருள் அறுந்தது என்ற முதற்கட்ட அறிக்கை அந்த நம்பிக்கையை இன்னும் இறுக்கியது. அது கிளம்பிய சில வினாடிகளில், உயரமே இல்லாதபோது நடந்தது என்பதுதான் அங்கே முக்கியம். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில், நமக்கு நினைவிருக்கும் சிறு விமான, ஹெலிகாப்டர் மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். 1980 ஜூன் 23, சஞ்சய் காந்தி: டெல்லி சஃப்தர்ஜங் பக்கம் பிட்ஸ் விமானத்தில் தாழ்வாகச் சாகசம் செய்தபோது கட்டுப்பாடு போனது. 2001 செப்டம்பர் 30, மாதவராவ் சிந்தியா: உத்தரப்பிரதேசம் மைன்புரி அருகே, மோசமான வானிலை. 2021 டிசம்பர் 8, குன்னூர்: முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர். எதிர்பாராமல் மாறிய வானிலையில் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து மலையில் மோதியது, இயந்திரக் கோளாறு இல்லை என்றது விமானப்படை விசாரணை. எதிலும் எஞ்சின் முதல் குற்றவாளி இல்லை.

2009 செப்டம்பர் 2-ல் ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டியின் ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தது இவற்றில் தனி ரகம். கியர் பெட்டியின் எண்ணெய் அழுத்தம் பற்றி ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. விமானிகள் கையேட்டைப் புரட்டிக்கொண்டு ஆறு நிமிடம்போல அதிலேயே மூழ்கிவிட்டார்கள் என்று விசாரணை சொன்னது. ஹெலிகாப்டரை வீழ்த்தியது அந்தக் கோளாறு இல்லை, கவனம் உள்ளே இருந்தபோது வெளியே திரண்டிருந்த வானிலை. இயந்திரம் கெட்டதால் செத்தவர்களைவிட, இயந்திரம் கெட்டுவிட்டதோ என்று பார்த்துக்கொண்டிருந்தபோது செத்தவர்கள் அதிகமோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. நிரூபிக்க முடியாத சந்தேகம்தான்.

இங்கே ஆபிரகாம் வால்டைச் சொல்லாமல் போக முடியாது. இரண்டாம் உலகப் போரில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக வேலை செய்த புள்ளியியல் குழுவில் இருந்தவர். சண்டையிலிருந்து திரும்பிவந்த விமானங்களில் குண்டுத் துளை அதிகம் இருந்த இடங்களுக்குக் கவசம் போடலாம் என்று மற்றவர்கள் நினைக்க, துளை குறைவாக இருந்த எஞ்சின் பகுதியைப் பார்க்கச் சொன்னவர் அவர். எஞ்சினில் அடிபட்டவை திரும்பியே வரவில்லை, அதனால்தான் கணக்கில் இல்லை என்பது அவர் தர்க்கம். அதே வால்ட், இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்து, 1950 டிசம்பர் 13-ல் மனைவியோடு ஏர் இந்தியா விமானத்தில் போகும்போது நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மலையில் மோதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 48.

வால்டின் கணக்கை நாம் தலைகீழாக வைத்துக்கொண்டிருக்கிறோம். அவரிடம் திரும்பிவந்தவை மட்டும் இருந்தன. பத்திரிகைகளில் விழுந்தவை மட்டும் இருக்கின்றன. எஞ்சின் நின்று, ஏதோ ஒரு வயலில் இறங்கி, விமானி சட்டையைத் தட்டிக்கொண்டு நடந்துபோனது உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி. 2016 மே மாதம் பாட்னாவிலிருந்து நோயாளியோடு டெல்லிக்கு வந்த ஒரு ஆம்புலன்ஸ் விமானத்தில் இரண்டு எஞ்சினும் ஓய்ந்துபோயின. நஜஃப்கட் பக்கம் வயலில் இறக்கினார்கள். ஏழு பேரும் உயிரோடு இருந்தார்கள். எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

நாலு நிமிடம்

பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் புழங்குவது செஸ்னா 172. எஞ்சின் நின்றால் அது விழாது, சறுக்கும். ஒரு அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே போகும். மணிக்கு 120 கிலோமீட்டர்போல வேகத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 700 அடிக்குச் சற்று அதிகமாக இறங்கும்.

நெல்லையப்பர் கோயிலுக்கு நேர்மேலே 3,000 அடியில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிற்கிறது. விமானிக்கு நாலு நிமிடம் இருக்கிறது. காற்றில்லாத நாளில் எட்டு கிலோமீட்டர் எட்டலாம். பேட்டை, மேலப்பாளையம், பாளையங்கோட்டை எல்லாம் எட்டுகிற தூரம். வாகைக்குளம் எட்டாது. நாலு நிமிடம் நீண்ட நேரம். எரிபொருள் வால்வைத் திருப்பிப் பார்க்கலாம், மறுபடி கிளப்பிப் பார்க்கலாம், கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லலாம், இடம் பார்த்து இறங்கலாம்.

அதே எஞ்சின் கிளம்பியவுடன் 500 அடியில் நின்றால் நாற்பது வினாடி. அதில் மூன்று நான்கு வினாடி திகைப்பில் போய்விடும். எவ்வளவு தேர்ந்த விமானியானாலும் மனித மூளை 'இது நிஜமாகவே நடக்கிறது' என்று ஏற்க அவ்வளவு ஆகிறது. மிச்சம் இருக்கும் நேரத்தில் உலகம் முழுக்க விமானிகளைக் கொல்வது ஒரே ஆசைதான்: திரும்பிப் போய்விடலாம். ஓடுதளம் பின்னால்தானே இருக்கிறது, இப்போதுதானே கிளம்பினோம்.

திரும்புவது எளிதாகத் தெரியும். ஆனால் விமானம் அரைவட்டம் அடித்தால் ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில் விலகிப்போயிருக்கும். மறுபடி வளைந்து நேராக்க வேண்டும். அவசரத்தில் இறக்கையைச் செங்குத்தாகச் சாய்ப்பார்கள். சாய்க்கச் சாய்க்க, காற்றில் தாங்கி நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஏறும். நேராகப் பறக்கையில் செஸ்னா 172 மணிக்கு 90 கிலோமீட்டர்வரை தாங்கும். 45 பாகை சாய்த்தால் 107 வேண்டும். 60 பாகை சாய்த்தால் 127. கையில் இருப்பதோ 120. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு பக்க இறக்கை முதலில் கைவிடும், விமானம் சுழன்று மூக்குக் குத்தும். அந்த உயரத்தில் மீட்க நேரம் இல்லை. பிறகு வரும் அறிக்கையில் 'எஞ்சின் செயலிழப்பு' என்ற சொல் இருக்கும். ஆளைக் கொன்றது அந்த வளைவு.

அதனால்தான் நல்ல பயிற்றுநர்கள் இந்த முடிவை ஆகாயத்தில் எடுக்கவிடுவதில்லை. ஓடுதளத்தின் முனையில் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லவைப்பார்கள்: இன்ன உயரத்துக்குக் கீழே எஞ்சின் நின்றால் திரும்ப மாட்டேன், மூக்கை இறக்குவேன், எதிரே கொஞ்சம் இடமோ வலமோ தெரிகிற இடத்தில் இறங்குவேன். தினம் தினம், ஒவ்வொரு முறையும். சலிப்பாகத்தான் இருக்கும்.

ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டின் கதை இதற்கு நல்ல உதாரணம். 2015 மார்ச் 5, கலிஃபோர்னியா சாண்டா மோனிகா. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் தனியாகக் கிளம்பிய அவருக்கு, உடனே எஞ்சின் சக்தி இழந்தது. திரும்புகிறேன் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னார். எட்டாது என்று தெரிந்ததும் பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். எலும்புகள் முறிந்தன, உயிர் இருந்தது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் ஒரு சிறு ஜெட் மறை கழன்று போயிருந்ததுதான் காரணம் என்று விசாரணை கண்டது. தோள்பட்டை வார் சரியாகப் பொருத்தப்படாததால் காயம் அதிகமானது என்றும் சேர்த்துச் சொன்னது. எஞ்சினுக்குள் ஒரு மறை, இருக்கைக்குப் பின்னால் ஒரு வார். இரண்டையும் எஞ்சின் ஓடும்போது யாரும் கவனிப்பதில்லை.

ஆற்றுக்குமேலே பறந்தால்

இப்போது நம் மண்ணைப் பார்ப்போம். பொதிகையில் பிறந்து பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நெல்லை, திருவைகுண்டம் என்று ஓடி புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணி, மேலிருந்து பார்க்கும் விமானிக்கு ஒரு பச்சைக் கோடு. பச்சை என்றால் சமவெளி, சமவெளி என்றால் இறங்கலாம் என்று வெளியூர் மாணவன் நினைப்பான். நம் விவசாயியைக் கேட்டால் உடனே கேட்பார்: எந்த மாசத்தில?

கார் நடவோ பிசான நடவோ முடிந்த புதிதில் வயல் முழுக்கச் சேறு. சிறு விமானத்தின் முன்சக்கரம் அதில் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும். உள்ளே இருப்பவர் தலைகீழாக வாரில் தொங்குவார். அறுப்பு முடிந்து காய்ந்த வயல் என்றால் கிட்டத்தட்ட விமானத் தளம் மாதிரிதான், வரப்புகளைத் தவிர. முற்றிய கதிரோடு, தண்ணீர் வடித்து நிற்கிற பயிர் இன்னும் மேல். அடர்ந்து முற்றிய தானியப் பயிர் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் தடுப்பு வலை அளவுக்கு உதவும் என்று அமெரிக்க விமானத்துறையின் பயிற்சிக் கையேடே சொல்கிறது. பயிர் போச்சே என்று வயல்காரர் வயிறெரிவார், அந்த நஷ்டத்தை யார் தருவது என்பது தனி வழக்கு.

வாழைத்தோட்டம்? தண்டு மெத்தென்று இருக்கும், மோதலை உள்வாங்கும். ஆனால் காற்றுக்குச் சாயாமல் இருக்க முட்டுக்கொடுத்த கம்புகள் ஒவ்வொன்றும் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும். கோடையில் வற்றிய குளத்தின் உட்பரப்பு நல்ல இடம்தான், உடைமரம் மண்டாமல் இருந்தால். மண்டாத குளம் எத்தனை என்று நீர்வளத் துறையைக் கேட்க வேண்டும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மேலிருந்து அழகான சிவப்புச் சமவெளி. சக்கரம் பட்டவுடன் மணல் விழுங்கும். மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலை நேராகக் கிடக்கிறது. நடுவில் செடி, இருபுறமும் கம்பங்கள், கீழே முழு வேகத்தில் வரும் ஆம்னி பேருந்து. புதுக்கோட்டைச் சாலையில் கிடைத்த அதிர்ஷ்டம் எல்லாச் சாலையிலும் கிடைக்காது.

கம்பியும் கோபுரமும் இந்தப் பகுதியின் தனிச் சிக்கல். கயத்தாறு முதல் முப்பந்தல்வரை காற்றாலைகள், அவற்றின் மின்சாரத்தை ஏற்றிச் செல்லும் உயரழுத்தக் கம்பிகள். கம்பி கடைசி நொடிவரை கண்ணுக்குத் தெரியாது. தெரிவது கோபுரம் மட்டும்தான். இரண்டு கோபுரத்தைப் பார்த்தால் இடையில் கம்பி உண்டு என்று நினைத்துக்கொள் என்பார்கள் விமானிகள். விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. நீர்மூழ்கிகளோடு பேசுவதற்கான அதன் கம்பங்கள் 471 மீட்டர் உயரம். நாட்டின் மிக உயரமான கட்டமைப்புகளில் அவையும் சேர்த்தி. அடிக்கணக்கில் 1,500-ஐத் தாண்டும். பயிற்சி விமானங்கள் ஓடுதளத்தைச் சுற்றிவரும் உயரம் வழக்கமாக 1,000 அடி. கூடங்குளம் அணுமின் நிலையத்தையும் மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சின் வளாகத்தையும் சேர்த்துக்கொண்டால், தெற்கே வரைபடத்தில் விமானி தன் இஷ்டத்துக்குப் போகக்கூடிய இடம் சுருங்கிவிடுகிறது.

நமக்குச் சாதகமாக ஒன்று உண்டென்றால் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் திறந்துவிடும் ஆனி, ஆடிக் காற்றுக்கு எதிராக இறங்கினால் விமானத்தின் தரை வேகம் பெருமளவு குறையும். மணிக்கு 75 கிலோமீட்டரில் தரை தொடும் விமானம், 30 கிலோமீட்டர் காற்றுக்கு எதிராக வந்தால் 45-ல் தொடும். காற்றோடு சேர்ந்து வந்தால் 105-ல். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் இரண்டுக்கும் இடையே ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மோதுபவருக்கு, உடல் தாங்கக்கூடிய அளவில் நிற்க பத்தடிக்குள் இடம் போதும் என்கிறது அந்த அமெரிக்கக் கையேடு. 160 என்றால் நாலு மடங்கு இடம் வேண்டும். இறக்கை போகட்டும், சக்கரம் போகட்டும், மனிதர் உட்கார்ந்திருக்கும் கூடு மட்டும் மெதுவாக நிற்கட்டும் என்று விமானத்தைப் பலிகொடுக்கத் துணிபவர்தான் பிழைக்கிறார். கடன் வாங்கி வாங்கிய விமானம் என்றால் அந்தத் துணிச்சல் வர அரை நொடி தாமதமாகும். அந்த அரை நொடியும் ஆபத்துதான்.

குற்றாலத்தில் பனிக்கட்டி

எஞ்சின் எதனால் நிற்கிறது? பிஸ்டன் உடைந்து, கிராங்க் முறிந்து நிற்பது உண்டு. ஆனால் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் காரணம் எளிமையானது: பெட்ரோல். தீர்ந்துபோகும். அல்லது ஒரு இறக்கைத் தொட்டியில் நிறைய இருக்க, வால்வு காலித் தொட்டியில் நிற்கும். அல்லது தண்ணீர் கலந்திருக்கும். பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கான ஏவ்கேஸ் 100எல்எல் நீல நிறம். 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் அதைக் குஜராத் சுத்திகரிப்பாலையில் தயாரித்து வெளியிடும்வரை, நாம் இறக்குமதியையே நம்பியிருந்தோம். ஒவ்வொரு நாளும் முதல் பயணத்துக்கு முன்னால் தொட்டியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடியில் நிறமில்லாத குமிழி தெரிந்தால் தண்ணீர். ஐப்பசி மழையில் இரவெல்லாம் வெளியே நின்ற விமானம் என்றால் இரண்டு முறை பார்க்கலாம், தப்பில்லை.

நெல்லை, தென்காசிக்காரர்கள் நம்ப மறுக்கும் இன்னொரு காரணம் உண்டு. கார்புரேட்டர் உள்ள பழைய எஞ்சின்களில், பெட்ரோல் ஆவியாகும்போது குழாயின் குறுகிய கழுத்தில் வெப்பம் சட்டென்று 20 டிகிரிக்கும் மேல் இறங்கிவிடும். வெளியே 25 டிகிரி, ஈரம் சொட்டுகிற காற்று என்றால், உள்ளே பனிக்கட்டி கட்டும். இமயமலை வேண்டியதில்லை, குற்றாலச் சாரலே போதும். இறங்குவதற்காக எஞ்சின் வேகத்தைக் குறைக்கும்போது இந்த ஆபத்து அதிகம். எஞ்சின் இருமும், திணறும், நிற்கும். கார்புரேட்டர் சூடேற்றியை இழுத்தால் கட்டி உருகும். உருகிய தண்ணீரை விழுங்கும்போது இன்னும் மோசமாக இரும, பயந்துபோய் மாணவன் சூடேற்றியை மூடிவிடுவான். அங்கேதான் பிழை. விழுந்த பிறகு வருகிற விசாரணை அதிகாரிக்கு ஒரு தடயமும் கிடைக்காது, கட்டி உருகிப்போயிருக்கும். புதிய செஸ்னாக்கள் எரிபொருளை நேராகப் பீய்ச்சும் வகை என்பதால் இந்தத் தொல்லை இல்லை. பயிற்சிப் பள்ளிகள் எந்த வயது விமானத்தை வாங்கி வருகின்றன என்று பெற்றோர் கேட்கலாம். கட்டணத்தைக் கேட்கும்போதே இதையும் கேட்டுவிடலாம்.

இரண்டு எஞ்சின் இருந்தால் பயமில்லை என்பார்கள். ஒன்று நின்றால், ஓடுகிற இன்னொன்று விமானத்தை ஒரு பக்கமாகத் திருகும். வேகம் குறைவாக இருந்தால் அந்தத் திருகலைச் சமாளிக்க முடியாது. இரண்டாவது எஞ்சின் உன்னை விபத்து நடக்கும் இடம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது விமானிகளுக்குள் புழங்கும் கசப்பான நையாண்டி. விமானத்துக்கே பாராசூட் கட்டிய சிரஸ் போன்ற வகைகள் வந்துவிட்டன. நூறு தடவைக்கு மேல் அது விரிந்து ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறது. தரைக்கு மிக அருகில் அதுவும் உதவாது.

மகேந்திரகிரிக்காரர்கள் செய்வது

எஞ்சின் நிற்கும் என்று நம்பி வேலை செய்யும் இடம் ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பணகுடியைத் தாண்டி மகேந்திரகிரி அடிவாரத்தில், இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். ராக்கெட் எஞ்சின்களைத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்ப்பது அவர்கள் தொழில். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான சிஇ20 கிரையோஜெனிக் எஞ்சின் தகுதி பெற 6,350 வினாடி ஓடினால் போதும் என்றது விதி. நான்கு எஞ்சின்களை 39 முறை, மொத்தம் 8,810 வினாடி எரித்துப் பார்த்தார்கள். கடைசிச் சோதனை 2024 பிப்ரவரி 13-ல் மகேந்திரகிரியில் நடந்தது.

அந்தச் சோதனைகளை மட்டும் இஸ்ரோ நம்பியிருக்கவில்லை. ராக்கெட் கைவிட்டால் வீரர்களைப் பிய்த்துக்கொண்டு வெளியேற்றும் தப்பிக்கும் அமைப்பைத் தனியாகச் செய்து, 2023 அக்டோபர் 21-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் சோதித்தார்கள். செஸ்னாவின் எஞ்சின் அந்த ராக்கெட் எஞ்சினைவிடப் பன்மடங்கு உழைப்பாளி. ஏறத்தாழ 2,000 மணி நேரம் ஓடிய பிறகுதான் முழுதாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், இரண்டு தனித்தனி மேக்னெட்டோ. பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். ஆனால் அதைப் பார்த்துக்கொள்பவர், எண்ணெய் மாற்றும்போது ஃபில்டரை வெட்டித் திறந்து உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்க்கும் ஒரு பொறியாளர் மட்டுமே. மாதக் கடைசியில் எத்தனை மணி நேரம் பறந்தோம் என்று முதலாளி கணக்குக் கேட்கும் பள்ளியில், 'இன்றைக்கு இது பறக்காது' என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருக்க வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தணிக்கையாளர்கள் ஓடுதளத்தின் நீளத்தை அளப்பார்கள், பதிவேட்டைப் புரட்டுவார்கள். அந்தத் தைரியத்தை அளக்கும் கருவி அவர்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

விபத்துகளை விசாரிப்பதும் ஒருகாலத்தில் அதே இயக்குநரகத்தின் கையில்தான் இருந்தது. அனுமதி கொடுத்தவரே விசாரிப்பது சரியில்லை என்று 2012-ல் விமான விபத்து விசாரணைப் பிரிவைத் தனியாக அமைத்தார்கள். யார் மீது பழி என்று தீர்ப்பது அதன் வேலை இல்லை, அடுத்த விபத்தைத் தடுப்பதே வேலை. சர்வதேச விதியும் அதுதான். அறிக்கைகள் ஆங்கிலத்தில் வெளியாகின்றன. தமிழ்நாட்டில் நடக்கும் விபத்துக்காவது ஒரு தமிழ்ச் சுருக்கம் வெளியிட்டால் என்ன குறைந்துவிடும்?

கீழே இருப்பவர்கள்

2011 மே 25 இரவு, பாட்னாவிலிருந்து நோயாளியோடு டெல்லிக்கு வந்த ஒற்றை எஞ்சின் ஆம்புலன்ஸ் விமானம் மோசமான வானிலையில் ஃபரிதாபாத் குடியிருப்பில் விழுந்தது. விமானத்தில் இருந்த ஏழு பேரோடு, வீட்டில் இருந்த மூன்று பேரும் மாண்டார்கள். 2018 ஜூன் 28-ல் மும்பை காட்கோபரில் சோதனைப் பறப்பில் இருந்த சிறு விமானம் விழுந்தபோது உள்ளே இருந்த நால்வரோடு தெருவில் போன ஒருவரும் இறந்தார். கோவில்பட்டியில் ஓடுதளம் உயிர் பெற்றால், அதன் இரண்டு முனைகளுக்கும் அப்பால் முதல் இரண்டு கிலோமீட்டர் நிலம் யாருடையது, அதில் என்ன முளைக்கிறது என்பது விமானிக்கும் ஊர்க்காரருக்கும் சமமான உயிர்ப் பிரச்சினை. இன்றைக்கு அங்கே கரிசல் காடு. பருத்தி, உளுந்து, மக்காச்சோளம். எஞ்சின் நின்ற விமானத்துக்கு அதைவிட நல்ல நிலம் கேட்டாலும் கிடைக்காது. விமானத் தளம் வந்துவிட்டது என்றால் பிளாட் போடுகிறவர்கள் மறுநாளே கல் நடுவார்கள். முதலில் கல், பிறகு கம்பம், பிறகு கம்பி, பிறகு வீடு. ஓடுதளத்துக்கு அனுமதி தருவதற்குமுன் அந்த இரண்டு பட்டை நிலத்தையும் விவசாயத்துக்கே என்று வகைப்படுத்தி, மின்கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோக மாவட்ட நிர்வாகத்தால் முடியும். பின்னால் முடியாது.

சுற்றியுள்ள கிராமங்களுக்கும் சில விஷயம் சொல்லித் தரவேண்டும். வயலில் விமானம் இறங்கினால் முதலில் ஓடி வருபவர் ஆடு மேய்ப்பவராகத்தான் இருப்பார், தீயணைப்பு வண்டி பிறகுதான் வரும். இறக்கைக்குள்தான் பெட்ரோல் இருக்கும். பீடி, தீக்குச்சி பக்கத்தில் வரக்கூடாது. முன்னாலிருந்து நெருங்கக்கூடாது, பின்பக்கமாக வரவேண்டும். நின்றுபோன விசிறியைக் கையால் அசைக்கவே கூடாது: மேக்னெட்டோ அணைக்கப்படாமல் இருந்தால், அரைச்சுற்றுத் திருப்பினாலே எஞ்சின் ஒரு முறை வெடித்துச் சுழன்று கையை எடுத்துவிடும். தீ இல்லையென்றால் அடிபட்டவரை இழுக்காமல் 108-க்குச் சொல்ல வேண்டும், கழுத்து எலும்பு முறிந்திருக்கலாம். தீ பிடித்துவிட்டால் எதையும் யோசிக்காமல் இழுக்க வேண்டும். ஆட்களை வெளியே எடுத்த பிறகு விமானத்தின் ஒரு துண்டைக்கூட நகர்த்தக்கூடாது, நினைவுக்காக வீட்டுக்கு எடுத்துப் போகவும் கூடாது. எதனால் நின்றது என்பதை அந்தத் துண்டுதான் சொல்லும்.

பெட்ரோல் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, நுரை வேண்டும். கோவில்பட்டித் தீயணைப்பு நிலையத்தில் எத்தனை லிட்டர் நுரைக் கரைசல் இருப்பு இருக்கிறது, ஓடுதளத்துக்கு வண்டி எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும், போகிற வழியில் ரயில்வே கேட் உண்டா என்று, முதல் மாணவன் முதல் விமானத்தில் ஏறுவதற்குமுன் யாராவது ஒருவர் ஆட்சியரிடம் எழுதிக் கேட்க வேண்டும்.